கிளாடிஸுக்குச் சாயங்காலத்தில் வராத வாய்

கிளாடிஸ் குடிக்கிறாள் என்ற பேச்சு மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் கிளம்பியது ஒரு செபமாலையில்தான். நாசமாய்ப் போன பேச்சு! தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்தே முன்நின்று செபமாலை சொல்பவள் அவள். செபமாலை மாதமான அக்டோபர் வந்தால் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும், கூடவே கிளாடிஸின் குரலும் போகும். அந்த வருஷம், கூடச் செபம் சொல்லும் பிளோரன்ஸ் வீட்டில், பத்துப் பத்து மணியாக உருட்டிச் சொல்லும்போது மூன்றாம் பத்தில் நாக்கு குழறியது. மூக்கால் பேசினாள். இமை பாதிக் கண்ணை மூடியது. மறுநாளே பிளோரன்ஸ் வந்து, "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, இனிமே நாங்க பாத்துக்கிறோம்லா" என்று நயமாகக் கழற்றிவிட்டாள்.

லோரி ஓட்டும் கணவர் ரெய்மண்ட் அதற்கும் ஒரு படி மேலே. தினமும் சாயங்காலம் பக்கத்தில் வந்து அவள் வாயை மோந்து பார்த்தார். வாரக் கடைசி ஆனால் பியர் டின்னோடு உட்காருகிறவர் அவர்! கிளாடிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளினிக்கிலும் விடிவில்லை. நம்பர் காலையில்தான் கிடைக்கும். தூங்கி எழுந்தவளுக்குக் காலையில் பேச்சு கணீரென்று இருக்கும், கண்ணும் பளிச்சென்று இருக்கும். போன போதெல்லாம் தூக்கம் போதவில்லை, டென்ஷன் என்று விட்டமின் கொடுத்து அனுப்பினார்கள். காட்டப் போகிற நேரத்தில் வியாதி ஒளிந்துகொண்டால் அவள்தான் என்ன செய்வாள்?

கடைசியாகப் பார்த்தவர் விஷாலினி என்ற இளம் டாக்டர். அவரும், "எல்லாம் நார்மலா இருக்கு ஆன்டி" என்று ஆரம்பித்ததும் கிளாடிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"நான் செபமாலை சொல்றேன். நீங்க என் மூஞ்சியவே பாருங்க."

"ஆன்டி, வெளிய ஆளுங்க வெயிட் பண்றாங்க..."

"பண்ணட்டும்!"

சத்தம்போட்டுச் சொன்னாள். முதல் பத்து தெளிவாக வந்தது. இரண்டாம் பத்தில் குரல் மூக்கில் ஏறியது. மூன்றாவதில் மாதா பெயரே வாயில் நிற்கவில்லை, வலது இமை தொங்கிவிட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தசைக்குள்ள நார் நாரா இருக்கும் ஆன்டி. ஒவ்வொரு நாருக்குள்ளயும் தடிச்ச இழை, மெல்லிய இழைன்னு ரெண்டு. தடிச்சது மெல்லியதப் புடிச்சு இழுக்கும், அப்பத்தான் தசை சுருங்கும். உங்களுக்கு அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இழுக்கச் சொல்லி நரம்பு ஒரு ரசாயனத்த அனுப்பணும். அத வாங்குற கதவ உங்க உடம்பே அடைச்சுட்டு இருக்குன்னு நெனைக்கிறேன். ஓய்வா இருந்தா சமாளிக்கும். விடாம வேலை வாங்குனா செய்தி போய்ச் சேராது. மயஸ்தீனியான்னு பேரு. பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்துத்தான் உறுதியா சொல்லணும். மருந்து இருக்கு."

"அப்ப குடி இல்ல?"

"குடின்னு யாரு சொன்னா?"

கிளாடிஸ் அழுதுவிட்டாள். அத்தனையும் ஆத்திரம்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த ரெய்மண்டிடம் குழறிக் குழறி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாவகாசமாகத் தலையாட்டினார். "நான் அப்பவே நெனச்சேன், இது குடி இல்ல, ஏதோ வியாதின்னு."

அடப்பாவி மனுஷா! கிளாடிஸ் வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. இத்தனை நாள் சேர்த்து வைத்த ஏச்செல்லாம் தொண்டையோடு நின்றது. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

விடிவதற்கு முன்பே அவரை உலுக்கி எழுப்பினாள்.

"என்னடி, இன்னும் விடியலையே?"

"இப்பத்தான் எனக்கு வாய் வருது. எந்திரிச்சு உக்காருங்க. போன அக்டோபர்லருந்து ஆரம்பிக்கிறேன்."