முப்பத்தொரு நாள் சுற்றாத இசைத்தட்டு

ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வயதான ஒரு ஜெர்மன் தம்பதி இருந்தார்கள். ஞாயிறு நாலு மணியானால் கிழவர் இசைத்தட்டுப் போடுவார். எல்லாம் பழைய அமெரிக்கப் பாட்டுகள். இருபது பேர் சேர்ந்து ட்ரம்பெட்டும் சாக்சபோனும் ஊத, நடுவில் ஒருவர் பாடுகிற பிக் பாண்ட் இசை. முதல் இரண்டு வருடம் எனக்கு அது வெறும் இரைச்சல். பிறகு, வெங்காயம் வெட்டும்போது கால் தானாகத் தாளம் போடத் தொடங்கியது. யாருக்கும் சொல்லவில்லை.

பாட்டைவிட எனக்குப் பிடித்தது கூடவே வரும் சண்டை. அவருக்குக் குழுத் தலைவர்கள்தான் தெய்வம். கோட்டுப் போட்டு நின்று ஒரு பார்வையில் இருபது பேரையும் அடக்குகிறவர்கள் அவர்கள். மனைவிக்குப் பாடகர்கள். பாட்டுக்காரி வாயைத் திறப்பதற்குள் பாதித் தட்டை ஊதியே தீர்த்துவிடுகிறார்களே என்று ஏசுவார். இளவயதில் நடனக் கூடத்தில் தொடங்கிய சண்டையாம். கடைசி வருடங்களில் மனைவிக்கு மறதி நோய். கிழமை முழுவதும் கணவரை யாரோ போலப் பார்ப்பார். ஞாயிறு தட்டுச் சுற்றத் தொடங்கியதும் மட்டும் பெயர் சொல்லி ஏசுவார். மாடிப்படியில் வைத்து அவரே இதைச் சொன்னார். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல வழியில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் என் கணவரின் பெரியப்பா காலமானார். அவரை ஒரே ஒரு கலியாண வீட்டில் கண்டிருக்கிறேன். ஆனாலும் சாவுத் தீட்டு, துடக்கு துடக்குத்தான். ஞாயிறு சொந்தக்காரர் துக்கம் விசாரிக்க வருவதாக இருந்தது. அந்த நேரம் சுவருக்குள்ளால் ஆட்டப்பாட்டுக் கேட்டால் சனம் என்ன கதைக்கும் என்று கணவரிடம் கேட்டேன்.

"அந்தாளின்ரை வீட்டுப் பாட்டுக்கு நாங்கள் என்ன செய்யிறது? பேசாமல் இருமப்பா," என்றார் கணவர்.

நான் இருக்கவில்லை. போய் மணியை அடித்தேன். இன்று ஒரு நாள் மட்டும் என்று கேட்டிருந்தால் போதும். அவரோ அனுதாபம் சொல்லி, உங்கள் வழக்கப்படி எத்தனை நாள் என்று மரியாதையாக விசாரித்தார். பெருமை தலைக்கேறி, காலமான புதன்கிழமையிலிருந்து முப்பத்தொரு நாள் என்றேன். அவர் உள்ளே போய் நாட்காட்டியில் குறிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்த சனம் அன்றைக்கே போய்விட்டது. பத்தாம் நாளே நான் வேலைக்குப் போகும் ரயிலில் இயர்போனைச் செருகிச் சினிமாப் பாட்டுக் கேட்டேன். துடக்கு வீட்டோடுதானே என்று எனக்கு நானே சட்டம் எழுதிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்குப் போய், இனிப் போடுங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பெரிதாக அளந்துவிட்டு எப்படிக் குறைப்பது? நாலு ஞாயிறு சத்தமில்லாமல் கழிந்தது.

ஐந்தாம் ஞாயிறு நாலு மணிக்கு ட்ரம்பெட் கேட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டுச் சுவரோடு நின்றேன். ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. ஏச்சு வரவில்லை.

மறுநாள் தபால் பெட்டியடியில் அவரைக் கண்டு கேட்டேன். மனைவி அமைதியாக இருந்து முழுவதும் கேட்டாராம். நல்ல பாட்டு என்று கைகொடுத்து நன்றி சொன்னாராம். பிறகு அவரையே பார்த்து, என் கணவர் வரும் நேரமாகிறது, நீங்கள் போனால் நல்லது என்றாராம்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நோய் அப்படித்தான், எப்படியும் வந்திருக்கும் என்று அவர் தடுத்தார். இருக்கலாம். ஆனால் அந்த நாலு ஞாயிறும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியவை. அவற்றில் மூன்றையாவது நான் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சத்தத்தைக் குறைத்தாவது போட்டிருக்கலாமே என்றேன். பழியில் கொஞ்சத்தை அவர் தலையில் ஏற்றப் பார்த்தேன் போலும்.

"பக்கத்து வீட்டில் துக்கம் நடக்கும்போது எப்படிப் போடுவது?" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்கள் பெரியப்பா நல்ல மனிதராக இருந்திருப்பார், இல்லையா?"

முகம்கூட நினைவில்லாத ஒருவருக்காக, ஓம் என்று தலையாட்டினேன்.