ரொட்டிக்காரரின் ஒன்பது மணி

பள்ளிக்கூடம் இனி எட்டு மணிக்குப் பதில் ஒன்பது மணிக்குத் தொடங்கும், மூன்று மணிக்குப் பதில் நான்கு மணிக்கு விடும் என்று தலைமையாசிரியை அறிவித்த அன்று, அந்தத் தெருவில் சந்தோஷப்பட்ட பெரியவர் ஒருவர்தான். அவரும் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் வந்த வம்பு அத்தனைக்கும் அதுதான் காரணம்.

அவர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். தெருவுக்கே ரொட்டிக்காரர். ஊர் படுக்கப் போகும்போது வேலைக்குக் கிளம்பி, ஊர் வேலைக்குக் கிளம்பும்போது படுக்க வருவார். புருவத்தில் மாவு இருக்கும், காது மடலுக்குப் பின்னால்கூட இருக்கும். வருஷக்கணக்காக ஓவன் முன்னால் நின்றதில் முன்கைகளில் ஒரு முடி கிடையாது. மற்றபடி திடமான ஆள். கால் மட்டும் வீங்கும். நின்றபடி வேலை பார்க்கிறவர்களுக்கு அது சகஜம். தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால் வடிந்துவிடும். அவர் அப்படிப் படுக்கமாட்டார். வீங்கிவிட்டது என்று சொல்வதோடு சரி.

சொல்வது என்றால் லேசாகச் சொல்லிவிட்டு விடுகிற ஆள் இல்லை. புலம்புவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. மாவு நன்றாக உப்பி வந்தால், "இவ்வளவு உப்பினா யாரு தூக்குறது" என்பார். சம்பளம் கூடினால், "இனி வேலையும் கூட்டுவாங்க" என்பார். கல்யாணத்தன்று சட்டைக் கழுத்து இறுக்குகிறது என்று பெண்ணிடமே மூன்று முறை சொன்னவர். அந்தப் பெண் துணி தைக்கும் கம்பெனியில் காலர் மட்டும் தைக்கிறவர். எழுந்து வந்து கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு, "இப்ப சரியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் புலம்ப, இவர் சரி செய்ய, குடும்பம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் அந்த அம்மாவுக்குக் காலரக்கா என்று பெயர். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முடிச்சுப் போட்டு நூலை அறுக்கிற வரை கீழே வைக்கமாட்டார்.

இவர்களுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

பழைய நேரத்தில் நடந்தது இதுதான். காலரக்கா வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போவார். ரொட்டிக்காரர் வரும்போது வீடு பூட்டியிருக்கும். வாலு திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா அவளை வாசலில் விட்டு, "அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாதே" என்று சொல்லிப் போவாள். அவர் எழுந்து முகம் கழுவும்போது அவளுக்கு வீட்டுப்பாடம், சாப்பாடு, படுக்கை. 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னபோது அவள் ஒரு தையல் மெஷினையும் அம்மாவையும் தன்னையும் வரைந்து, ஓரத்தில் ஒரு போர்வையை வரைந்திருந்தாள். அப்பா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "உள்ள இருக்காங்க" என்று பதில்.

இந்த நேரத்தில்தான் ஒன்பது மணி அறிவிப்பு வந்தது. பிள்ளைகள் முதல் பாடத்தில் தூங்கி விழுகிறார்கள், ஒரு மாதம் இப்படி நடத்திப் பார்ப்போம், அப்புறம் பெற்றோர் கூடிக் கை தூக்கி முடிவு செய்யட்டும் என்றார் தலைமையாசிரியை. அன்று சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் ஆள் நிற்க இடமில்லை.

"தூங்குதாம், அதனால மணியை மாத்துறாங்களாம்," என்றார் மருந்துக்கடைக்காரர். "என் கடையில வேலைக்கு இருக்கிறவனும்தான் தூங்குறான். நான் என்ன கடையை மத்தியானமா திறக்குறேன்?"

"எட்டரைக்கு நான் வண்டி எடுக்கணும்," என்றார் பஸ் டிரைவர். "பையனை எங்க வைக்கிறது? இன்ஜின் மேலயா?"

வங்கியில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். "உங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரம். எனக்கு அது ரெண்டு மணி நேரம்."

வேலைக்குப் போகாத ஒரு தாய் எல்லோரையும் விடக் கோபமாக இருந்தாள். "எட்டு மணிக்கு வீடு அடங்கிடும்னு நம்பித்தான்க்கா நான் படுக்கையை விட்டே எழுந்திருக்கிறேன்."

ரொட்டிக்காரர் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு மாத்திரை வாங்காமலே போனார்.

முதல் நாள் காலை அவர் வந்தபோது காலரக்கா கம்பெனிக்குக் கிளம்பிவிட்டிருந்தார். மகளைப் பள்ளியில் விடுவது இனி இவர் பொறுப்பு. வாலு சீருடையில், பையை முதுகில் மாட்டி, படியில் உட்கார்ந்திருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, நீங்க அவ்வளவு தூரம் நடப்பீங்களா?"

"பின்னே, பறக்கவா செய்வேன்?"

"இல்ல, நீங்க படுத்திருக்கிறதைத்தான் நான் பார்த்திருக்கேன்."

நடந்தார்கள். வாலு வாசலில் திறந்த வாயைப் பள்ளிக் கதவு வரை மூடவில்லை. டீச்சர் டிராயரில் பிஸ்கட் ஒளித்து வைத்திருப்பது, போர்டில் எழுதுகிற சாக்கில் அதைத் தின்பது, திரும்பும்போது ஒரு கன்னம் மட்டும் உப்பியிருப்பது. டயர் கடை நாய் தன்னைப் பார்த்தால் பயப்படும் என்றாள். அந்த இடம் வந்ததும் அவருடைய மறு பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். அவர் மறுநாள் டயர் கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தானாகப் பக்கம் மாறி நடந்தார். பள்ளி வாசலில் அவள் எம்பி அவர் புருவத்து மாவைத் தட்டிவிட்டு, "இனிமே முகம் கழுவிட்டு வாங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று சொல்லி உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து படுத்தவர் உடனே தூங்கிவிட்டார். பள்ளி நான்கு மணிக்குத்தான் விடும் என்பதால் வீடும் ஒரு மணி நேரம் கூடுதலாக அமைதியாக இருந்தது. தூக்கத்தில் ஒன்றும் குறையவில்லை. குறைந்ததாக அவர் சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான்.

"எப்படிப் போச்சு?" என்று காலரக்கா கேட்டார்.

நல்லா இருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தைக்கு அவர் வாயில் பழக்கமில்லை. "என்னத்தைப் போச்சு. காலு ரெண்டும் கழண்டுடுச்சு. ராத்திரி பூரா நின்னுட்டு வந்து, இதுல இவ வேற. வாய் ஒரு நிமிஷம் மூடலை."

மறுநாளும் இதே. அதற்கு அடுத்த நாளும் இதே, கூடக் கொஞ்சம் முதுகு. இரண்டாவது வாரம் மணிக்கட்டில் ஓவன் தட்டு பட்ட சூட்டுக் காயத்தோடு வந்தார். எட்டு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்ற அவசரத்தில் கையுறை போடாமல் கடைசித் தட்டை இழுத்திருக்கிறார். அதை யாரிடம் சொல்வார்?

"தண்ணியில காட்டினீங்களா?"

"காட்டினேன், காட்டினேன். தூக்கம் கெட்டா இப்படித்தான்."

காலரக்கா கொப்புளத்தைப் பார்த்தார். கண்களைப் பார்த்தார். போய் மெஷினில் உட்கார்ந்தார். முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

ரொட்டிக்காரருக்கு விஷயம் தெரிந்தது வாலு சொல்லித்தான். "அம்மா எல்லார் வீட்டுக்கும் போய்ப் பேசுறாங்க. பழையபடி எட்டு மணி ஆக்கப்போறாங்களாம். உங்களுக்குக் கால் கழண்டு போச்சாமே?" குனிந்து அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

அன்றைக்கே பேசிவிடலாம் என்று நினைத்தார். அன்றைக்கென்று பஸ் டிரைவர் வழியில் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அக்கா மாதிரி ஒரு ஆள் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். உங்க காலுக்காகத் தெருவையே கூட்டிட்டாங்களே." இதற்கு மேல் என்ன பேசுவது? ராத்திரி கிளம்பும்போது சுற்றி வளைத்துப் பார்த்தார்.

"நடக்கிறது உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா? ராத்திரி தூங்கி எழுந்தவன் சொல்லுவான்," என்றார் காலரக்கா. "நீங்க பேசாம போங்க. நான் பாத்துக்குறேன்."

கூட்டம் இரண்டாம் வகுப்பு அறையில் நடந்தது. சின்னப் பெஞ்சுகள். ரொட்டிக்காரருக்கு முழங்கால் முகவாயை இடித்தது. முதல் பாடத்தில் தூங்குகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள் என்றார் தலைமையாசிரியை. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலரக்கா எழுந்தார்.

"எல்லார் கஷ்டமும் சொல்லிட்டாங்க. நான் எங்க வீட்டுக் கஷ்டத்தை மட்டும் சொல்றேன். இதோ இருக்கார். ராத்திரி பூரா நெருப்பு முன்னாடி நின்னுட்டு வர்றார். வந்தவுடனே இன்னொரு டூட்டி. கையைப் பாருங்க. நாளைக்கு இது முகத்துல பட்டா யாரு பதில் சொல்றது?"

எல்லோரும் ரொட்டிக்காரரைப் பார்த்தார்கள். "ஐயோ பாவம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சரி. எட்டு மணி வேணும்கிறவங்க கை தூக்குங்க," என்றார் தலைமையாசிரியை.

அறை முழுக்கக் கைகள். காலரக்கா தன் கையைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். புருஷன் கை மடியில் இருந்தது. அசதி போலிருக்கிறது என்று நினைத்து, முழங்கையைப் பிடித்துத் தானே தூக்கிவிட்டார். அவர் இறக்கிக்கொண்டார். மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார்.

"என்னங்க, தோள் வலிக்குதா?"

"இல்ல."

"பின்னே தூக்குங்க."

"மாட்டேன்."

தலைமையாசிரியை எண்ணுவதை நிறுத்தினார்.

"எனக்கு ஒன்பது மணிதான் வேணும்," என்றார் ரொட்டிக்காரர், பெஞ்சைப் பார்த்து.

"கால் கழண்டு போச்சுன்னீங்களே?"

"போச்சுதான். அதுக்காக?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். காலரக்கா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ரொட்டிக்காரர் எழ முயன்று, பெஞ்சு கூடவே எழுந்ததால் உட்கார்ந்தபடியே பேசினார். "நான் முழிச்சிருந்தா அவ தூங்குறா. அவ முழிச்சிருந்தா நான் தூங்குறேன். இந்த ஒரு மாசமாத்தான் அவ பேசி நான் கேட்டேன். அதை எடுத்துட்டா எனக்கு வேற நேரம் கிடையாது. தூக்கம் ஒண்ணும் கெடலை. பள்ளிக்கூடம் லேட்டா விடுது, நான் லேட்டா எழுந்திருக்கிறேன்."

அவருடைய ஆயுளில் புலம்பாமல் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை. யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது.

"உங்க கதை சரிண்ணே. நீங்க எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்ற ஆளு. நாங்க எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் போற ஆளுங்க. எங்க பிள்ளைங்களை யாரு கூட்டிட்டு வர்றது?"

"நான்தான் இந்தப் பக்கம் வர்றேனே," என்றார் ரொட்டிக்காரர். "எங்க வீட்டுல விட்டுட்டுப் போங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

"இரட்டையும் சேர்த்தா?" என்றார் வங்கி அம்மா, உடனே.

இரட்டையும் சேர்த்து. பஸ் டிரைவர் மகன், மருந்துக்கடைக்காரரின் இரண்டு பேர், வேலைக்குப் போகாத அந்தத் தாயின் பையனும் சேர்த்து. அவளுடைய கைதான் அடுத்த முறை எல்லோருக்கும் முதலில் எழுந்தது. ஒன்பது மணி ஜெயித்தது. காலரக்கா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

வீட்டுக்குப் பாதி வழியில் காலரக்கா நின்றார்.

"எனக்கும் நாலு மணிதான் வசதியா இருந்துச்சு. கம்பெனி விட்டதும் நானே போய் அவளைக் கூட்டிட்டு வந்துட்டிருந்தேன். உங்களுக்காகத்தான் வீடு வீடா ஏறி இறங்கி அதைக் கெடுக்கப் பாத்தேன்."

"நீ சொல்லலையே."

"நீங்க சொன்னீங்களா? நல்லதா ஒரு வார்த்தை சொன்னா பல்லு கொட்டிடுமா?"

ரொட்டிக்காரர் யோசித்தார். "பழக்கமில்ல," என்றார்.

"பழகிக்குங்க," என்றார் காலரக்கா. நேராக மருந்துக்கடைக்குப் போய்க் கொப்புளத்துக்கு மருந்து வாங்கினார். இனி கையுறை போடாமல் கையைச் சுட்டுக்கொண்டு வந்தால் அடுத்த கூட்டத்தில் எட்டு மணிக்கே கை தூக்குவேன் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ரொட்டிக்காரர் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது வாசல்படியில் இடமில்லை. இரட்டையர் ஒருவர் பையை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவர் மகன் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வாலு மட்டும் கதவுக்குள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இவங்கெல்லாம் எதுக்கு வந்திருக்காங்க?"

"நம்மகூட நடக்க."

"நம்மகூடவா? உங்களைக் கேட்டாங்க சரி, என்னைக் கேட்டாங்களா?"

நியாயமான கேள்விதான். கூட்டத்தில் இவளுடைய பங்கையும் அவரே தூக்கிக் கொடுத்துவிட்டார். கிளம்பியதும் அவருடைய இரண்டு கைகளையும் இரட்டையர் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். வாலு வந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் மெதுவாக ஒரு கையை விடுவித்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எல்லாரும் முன்னாடி போங்க," என்றாள் மற்றவர்களிடம். "ரெண்டு ரெண்டு பேரா. ஹாரன் அடிக்கிறவன் முதல்ல. நாங்க பின்னாடி வருவோம். யாரும் திரும்பக் கூடாது, எங்களுக்குப் பேச வேண்டியது இருக்கு."

காலரக்காவின் மகள் சொன்னால் நடக்காமல் இருக்குமா? வரிசை அமைந்தது. அவள் பின்னால் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். வகுப்பில் ஒருத்தி பென்சில் டப்பாவுக்குள் தவளை கொண்டுவந்திருக்கிறாள். உண்மைத் தவளை. அதற்கு மூச்சு முட்டக் கூடாதென்று டப்பாவில் ஓட்டை போட்டிருக்கிறாள்.

டயர் கடை தாண்டும்போது ஹாரன் நின்றுபோயிருந்தது. முன்வரிசையின் வேகம் குறைந்துகொண்டே வந்து, ரொட்டிக்காரர் இரட்டையரின் குதிகாலை மிதிக்காமல் காலை வைக்கப் பார்க்கவேண்டியிருந்தது. யாரும் திரும்பவில்லை. ஆனால் எல்லாத் தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அப்புறம் தவளை என்ன ஆச்சு?" என்றது இரட்டையில் ஒன்று, நேராகப் பார்த்தபடியே.

வாலு வாயை மூடிக்கொண்டாள். அவள் கொஞ்ச தூரம் அப்படியே நடந்து, முன்னால் போகிற அத்தனை சாய்ந்த தலைகளையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை விடாமல், முதல் ஆளுக்கும் கேட்கிற மாதிரி குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.