கொழுகொழு பிள்ளையின் வெளிறிய உதடு

புலம்பெயர்ந்து வந்து வாழும் மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என் ஒன்றரை வயது மகனைத் தூக்கி, “கொழுகொழு எண்டு வளத்திருக்கிறியள்” என்பார்கள். எனக்கும் பெருமைதான். சோற்றுக்கு வாய் திறக்காவிட்டால் உடனே பால்போத்தலைக் கொடுத்துவிடுவேன்.

தடுப்பூசிக்குப் போனபோது டொக்டர் அவனுடைய வெளிறிய உதட்டைப் பார்த்து இரத்தம் சோதித்தார். இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே வயிற்றை நிரப்பியதால் வேறெதுவும் உள்ளே போகவில்லையாம்.

கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்லும் பிலிப்பைன்ஸ் பெண்மணி, “உங்கள் தமிழ்க் கடைகளில் முருங்கையிலை விற்கிறார்களே, கொடுப்பதில்லையா?” என்று கேட்டார். காம்பிலிருந்து உருவுவது பெரிய வேலையென்று பஞ்சிப்பட்டு நான் தாண்டிப்போகும் அதே இலை!

பாலைக் குறைத்து, டொக்டர் தந்த மருந்தோடு, அந்த இலையைப் பருப்பில் மசித்து, தேசிக்காய்ப்புளி, அதாவது எலுமிச்சைச்சாறு, விட்டு ஊட்டினேன். மடியிலேயே சோர்ந்து கிடந்தவன் மூன்றே மாதத்தில் சோபாவில் ஏறிக் குதித்தான். உதடு சிவந்திருந்தது. நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது யாராவது ஒரு பிள்ளையைக் கொழுகொழு என்றால், நான் முதலில் உதட்டைத்தான் பார்க்கிறேன்.