அத்தனை பேரும் வந்திருந்த பள்ளிக்கூடம்

ஷர்புன்னிசா டீச்சருக்கு அந்த வருடம் வரை இருமல் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். பாடம் நடத்தும்போது கடைசி வரிசையில் யாராவது இருமினால் "தண்ணி குடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். 2009 ஆகஸ்டுக்குப் பிறகு அப்படிப் போக முடியவில்லை. சாக்பீஸ் பிடித்த கை அந்தரத்தில் நின்றுவிடும். இருமியது யார், எத்தனை தடவை, முகம் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சே வரும்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் குடை, டார்ச் லைட், ரேடியோ விற்றுக்கொண்டிருந்த பஷீர் அகமதுவின் மூத்த மகள் அவர். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சிற்றூரின் உண்டு உறைவிடப் பள்ளியில் பதினாலு வருடமாக வேலை. ஞாயிறு மாலை பஸ் ஏறுவார், வெள்ளி மாலை இறங்குவார். நடுவில் ஐந்து நாளும் பள்ளியை ஒட்டிய ஓட்டு அறைதான் வீடு. கணவர் உமர் பாரூக் ஆரம்பத்தில் மாறுதல் கேட்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அந்த ஆகஸ்டில் டி.வி.யைத் திறந்தால் பன்றிக் காய்ச்சல்தான். புனேயில் பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள் என்றார்கள். சென்னையில் முகமூடி கிடைக்கவில்லை என்றார்கள். பள்ளிகளைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்து, பள்ளிக்கு ஓர் ஆசிரியரைக் கள்ளக்குறிச்சியில் கூட்டத்துக்கு அழைத்தார்கள். மலைப் பள்ளியிலிருந்து ஷர்புன்னிசா போனார்.

கூட்டத்தில் பேசிய பெண் டாக்டருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சோப்பு, கைக்குட்டை, தனி அறை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஒரு ஊர்ல காய்ச்சல் பரவுதுன்னா மொதல்ல காலியாவறது வகுப்பு பெஞ்சுதாங்க. உங்க அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்தான் எங்களுக்குக் கண்ணு. பத்துல ஒரு புள்ள வரலன்னா அன்னிக்கே போன் பண்ணுங்க."

எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார் எழுந்தார். "மேடம், எங்க பள்ளிக்கூடத்துல திங்கக்கெழம ஆனாலே பாதிப் பேருக்குக் காய்ச்சல்தான். செவ்வாக்கெழம தானா சரியாப் பூடும்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். ஷர்புன்னிசா மட்டும் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய பள்ளியின் பதிவேட்டில் பல வருடங்களாக யாருமே விடுப்பு எடுத்ததில்லை.

அதற்கொரு காரணம் இருந்தது. அவர் மலைக்கு வந்த மூன்றாம் வருடம், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் அப்பா அம்மாவோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போனாள். தொடர்ந்து வரவில்லை என்று விதிப்படி பெயரை நீக்கினார்கள். இரண்டு மாதம் கழித்து அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பெயர் இல்லை. திரும்பிப் போனாள். தையில் கல்யாணம், அடுத்த தையில் பிள்ளை, அதற்கு அடுத்த வருடம் அவளே இல்லை. அன்றிலிருந்து ஷர்புன்னிசா யாருக்கும் விடுப்பு போடவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு. தலைமையாசிரியர் ராஜாங்கம் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். மற்ற ஆசிரியர்களும் அப்படியே பழகினார்கள். ஆய்வுக்கு யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் பழக்கியிருந்தார்கள். "தினமும் பள்ளிக்கூடத்துக்கு வர்றேங்க." ஒரே குரலில், ஒரு பாட்டைப்போல.

அந்த ஜூனில் மட்டும் இருபத்து மூன்று பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டும் வேலைக்குக் குடும்பத்தோடு போனவர்கள். எங்கெங்கே என்று ஷர்புன்னிசா விசாரிக்கவில்லை. விசாரித்து எழுதிவைத்தால் அது ஒரு சாட்சியாகிவிடும்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பழைய சீருடைத் துணிகளைச் சதுரமாக வெட்ட ஆரம்பித்தார்.

"இன்னா நிசா, கடை தொறக்கப் போறியா?" என்றார் உமர் பாரூக்.

"மொகத்துக்குக் கட்ட. நூத்திப் பதினெட்டு வேணும்."

"பன்னி கிட்டயே போவாத நம்பளுக்குப் பன்னிக் காய்ச்சல் வருமா?"

"பன்னிக்கிட்ட போனா வர்றதில்லீங்க. மனுசங்கிட்ட போனா வருது."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு இன்னொரு கத்தரிக்கோலைத் தேடினார்.

அடுத்த பத்து நாளும் ஷர்புன்னிசா பம்பரமாகச் சுற்றினார். சோப்பைப் பாதியாக அறுத்துப் பழைய காலுறைக்குள் போட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே தொங்கவிட்டார். அரிசி மூட்டை இருந்த அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்து மூன்று கட்டில் போட்டார். முழங்கை மடிப்புக்குள் இருமக் கற்றுக்கொடுத்தார். இருபது நொடி கை கழுவத் தண்ணீர் போதவில்லை. பெரிய பெண்கள் ஓடையிலிருந்து குடத்தில் கொண்டுவந்தார்கள். விடுதியின் ஒரே கூடத்தில் நாற்பத்தொரு பெண்கள் பாயோடு பாய் ஒட்டிப் படுப்பார்கள். ஒருத்தியின் தலைப்பக்கம் அடுத்தவளின் கால் வரும்படி மாற்றிப் படுக்க வைத்தார். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. யாருடைய கால் நாறுகிறது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது.

ராஜாங்கம் சார் களமருதூர்க்காரர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. சுண்ணாம்பு அடித்த அறையை எட்டிப் பார்த்தார். "கல்யாண வூடு கணக்கா இருக்குது டீச்சர். மாப்பிள்ளதான் வரல."

"வராமயே இருக்கட்டும் சார்."

"ரிஜிஸ்டரப் பத்தி அந்த டாக்டரம்மா இன்னாமோ சொன்னாங்களாமே?"

"பத்துல ஒருத்தர் வரலன்னா சொல்லணுமாம்."

அவர் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "நம்பகிட்டதான் எல்லாரும் வர்றாங்களே," என்றார். நகைச்சுவையாகச் சொல்ல நினைத்திருக்க வேண்டும். அப்படி ஒலிக்கவில்லை.

அன்றே உண்மையை எழுதத் தொடங்கியிருக்கலாம் என்று ஷர்புன்னிசா பிற்பாடு பல தடவை சொன்னார். ஆனால் எழுதினால் ஜூனிலிருந்து எழுத வேண்டும். எழுதினால் இருபத்து மூன்று பேரும் பெயர் இழப்பார்கள். காய்ச்சல் இங்கே வராமலே போகலாம். பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவரும் நினைத்தார்.

மாதக் கடைசி வியாழக்கிழமை செவ்வந்தி வந்தாள். ஏழாம் வகுப்பு. மே மாதம் போனவள். அவளைக் கொண்டுவந்து விட்ட அப்பா அய்யனார் விடுதி வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எங்க போயிருந்தீங்க?" முதல் தடவையாகக் கேட்டார் ஷர்புன்னிசா.

"பூனா டீச்சர். அங்க இன்னாமோ சீக்குன்னு மேஸ்திரி எல்லாரையும் தொரத்திட்டான். ரயில்ல நின்னுக்கினே வந்தோம்."

அந்தப் பெண்ணை அன்றே சுண்ணாம்பு அறையில் படுக்க வைத்திருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டார். சூடு இல்லை. "இருமல் இருக்கா?" என்றார். "இல்லீங்க." தனியாகப் படுக்க வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். எங்கிருந்து வந்தாள் என்று கேட்பார்கள். பதிவேட்டின்படி ஜூனிலிருந்து இங்கேயே இருப்பவள் எங்கிருந்து வர முடியும்? செவ்வந்தி கூடத்தில் தன் பழைய இடத்தில் பாயை விரித்தாள். பக்கத்துப் பாய் ஆறாம் வகுப்புப் பெரியநாயகியுடையது.

அந்த வாரம் ஷர்புன்னிசா ஊருக்கு இறங்கவில்லை. உமர் பாரூக்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டு விடுதியிலேயே இருந்தார். சனிக்கிழமை செவ்வந்திக்கு இருமல். திங்களன்று காய்ச்சல். பெரியநாயகி அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். இரண்டு பேரையும் சுண்ணாம்பு அறைக்கு மாற்றினார்.

செவ்வாய்க்கிழமை வழக்கமான சோதனைக்காக ஜீப் வந்தது. அதே பெண் டாக்டர். அறை, சோப்பு, முகத் துணி எல்லாவற்றையும் பார்த்து, "கீழ டவுன் பள்ளிக்கூடத்துல கூட இப்படி இல்லீங்க" என்றார். பிறகு இரண்டு பெண்களையும் பார்த்தார். மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். பெரியநாயகிக்கு அதிக நேரம் வைத்தார்.

"இந்தப் பன்னிக் காய்ச்சல் மாத்திரை இப்ப கம்மிங்க. வெளியூர் போய் வந்தவங்களுக்கு, அவங்ககூட இருந்தவங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க. சோதனையும் அப்படித்தான். இங்க யாராவது வெளிய போய் வந்தாங்களா சார்?"

ராஜாங்கம் சார் பதிவேட்டைத் திறந்து நீட்டினார். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கோட்டுக்குக் கோடு.

"நீ எங்கயாவது போனியா பாப்பா?"

செவ்வந்தி டாக்டரைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள். காய்ச்சலில் கண் பளபளத்தது. ஷர்புன்னிசா வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, தனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பிசகாமல் சொன்னாள்:

"தினமும் பள்ளிக்கூடத்துக்கு வர்றேங்க."

அடுத்த கட்டிலிலிருந்து, யாரும் கேட்காமலே, பெரியநாயகியும் சொன்னாள். "தினமும் பள்ளிக்கூடத்துக்கு வர்றேங்க."

டாக்டர் சிரித்து, சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் வளைவு திரும்பும் வரை ஷர்புன்னிசா வாசலில் நின்றார். ஓடினால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை.

விடிந்தபோது மேலும் நான்கு பெண்களுக்குக் காய்ச்சல். பெரியநாயகியின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தன. ஷர்புன்னிசா பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ராஜாங்கம் சார் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க டீச்சர்?"

"வளைவுக்கு. அங்கதான் போன் எடுக்கும்."

"நானே வேற மாதிரி சொல்லிப் பாக்கறேன். ரயில்ல யாரோ சொந்தக்காரங்க வந்தாங்கன்னு…"

"சார், இனிமே ஒரு பொய் கூட முடியாது சார். நம்ப ரெண்டு பேரும் வூட்டுக்குப் போனாலும் பரவால்ல. அந்தப் புள்ள மூச்சப் பாத்தீங்களா?"

அவர் நகர்ந்துகொண்டார். சற்று தூரம் போனபின் பின்னாலிருந்து, "கையெழுத்து என்னுதுன்னும் சொல்லிடுங்க" என்றார்.

வளைவில் நின்று அவர் டாக்டரிடம் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. "மேடம், எங்க ரிஜிஸ்டர் பொய்ங்க. செவ்வந்தி பூனாவுலேர்ந்து வந்து ஆறு நாளாச்சு." டாக்டர், "ஜீப் வருது. யாரையும் வெளிய அனுப்பாதீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆறு பெண்களையும் கீழே கொண்டுபோனார்கள். மீதிப் பேருக்கு விடுதியிலேயே மாத்திரை கொடுத்தார்கள். செவ்வந்தி உட்பட ஐந்து பேர் பத்து நாளில் எழுந்து நடந்தார்கள். பெரியநாயகி நான்காம் நாள் இறந்தாள். பதினோரு வயது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு இருந்ததாம். ஒரு நாள் முன்பே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று ஷர்புன்னிசா டாக்டரிடம் கேட்டார். "அப்படிச் சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "குடுத்திருந்தா பொழச்சிருப்பான்னும் சொல்ல முடியாது. பொழச்சிருக்க மாட்டான்னும் சொல்ல முடியாது."

விசாரணை நடந்தது. ராஜாங்கம் சார் இடைநீக்கம் ஆனார். ஷர்புன்னிசாவுக்கு மூன்று மாதம் வேலை இல்லை. பதிவேட்டை உண்மைப்படி திருத்தியதில் இருபத்து மூன்று பெயரும் போயின. அவற்றில் பதினான்கு திரும்பச் சேர்ந்தன, செவ்வந்தியும் அதில் ஒருத்தி. ஒன்பது சேரவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை அவர் பெரியநாயகியின் வீட்டுக்கு நடந்து போனார். அவளுடைய அம்மா அமிர்தம் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"மருந்து குடுத்தும் நிக்கலன்னு சொன்னாங்க," என்றார் அமிர்தம். "தலையெழுத்து."

அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு ஷர்புன்னிசா திரும்பி வந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"இல்லம்மா. மருந்து ஒரு நாள் முன்னாடி வந்திருக்கும். டாக்டரு வந்து கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல."

முறம் நின்றது. அமிர்தம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் டீச்சர் வந்து சொன்ன?"

வீட்டுக்குள்ளிருந்து சின்னவள், இரண்டாம் வகுப்பில் படிப்பவள், எட்டிப் பார்த்தாள்.

"இவள அனுப்ப மாட்டேன்," என்றார் அமிர்தம். "நீ போ."

திங்கட்கிழமை ஷர்புன்னிசா இரண்டாம் வகுப்புப் பதிவேட்டை வாங்கி, அந்தச் சின்னப் பெண்ணின் பெயருக்கு நேரே தன் கையாலேயே விடுப்பு என்று குறித்தார். செவ்வாயும் குறித்தார். பெயரை நீக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை மறுபடி அந்தப் பாதையில் ஏறினார். அமிர்தம் கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை ஒரு தடவை இருமியது. ஷர்புன்னிசா கதவருகே நின்று, இன்னொரு இருமல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.