பன்னிரண்டாவது துணி

என் மனைவி முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறு வாரம், அவளுடைய அண்ணன் எங்கள் வாசலில் விட்டுப்போன டீசல் காரைத் திறந்து பார்த்தாள். எட்டு வருட மழை எஞ்சினுக்குள் குடியிருந்தது. "இதை நானே சரி பண்ணப் போறேன்" என்றாள். நான் தையல்காரன். பட்டன் விஷயமென்றால் கருத்துச் சொல்லுவேன்.

அத்தனை வருடமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போனவள். ஒரு தடவையாவது தானே ஓட்டிக்கொண்டு எங்கேயாவது போக வேண்டுமாம். எங்கே என்று கேட்டேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

வீட்டு ஓனருக்குக் கார் நின்ற இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்ட ஆசை. "மூணு மாசம் டைம். கடைசி ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வண்டி தானா ஓடி வெளிய போகணும். இல்லைன்னா பழைய இரும்புக் கடைக்கு" என்றார். அவள் சரி என்றுவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

தெருவில் நாலு பேர் கைகொடுத்து எஞ்சின் எங்கள் முன்னறைக்கு வந்தது. அது நடுவில் உட்கார்ந்துகொண்டது, நாங்கள் சுவரோரமாக நடந்தோம். துருப்பிடித்த பிஸ்டன்கள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. ஒன்பது நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி வெளியே எடுத்தாள். துருவைச் சுரண்டினாள், ரிங் மாற்றினாள், வால்வுகளுக்கு எண் போட்டு முட்டை அட்டையில் அடுக்கினாள். சாப்பாடு எந்த அட்டையில் என்று நான் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தியேட்டர் பழக்கம் போகுமா? ஒவ்வொரு போல்ட்டும் எண்ணித் தட்டில் வைக்கப்பட்டது. எஞ்சினின் துளைகளில் தூசி விழாமல் அடைக்க, ஒரு நீலப் படுக்கை விரிப்பில் பன்னிரண்டு சதுரத் துணி வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தேன். அவற்றையும் தினம் எண்ணினாள். ஒருநாள் நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னாள்.

வேலையில் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷன். ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த துணிகளை எண்ணிவிட்டுத்தான் வயிற்றை மூட வேண்டும். மூடுவதற்கு முன் "துணி சரியா இருக்கா?" என்று இவள் கேட்க, பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸ் சரியாக இருக்கிறது என்றாளாம். இவளும் எண்ணாமல் தலையாட்டிவிட்டாள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ஒரு துணி கிடந்தது. பிழைத்துக்கொண்டாள். "போகும்போது என்னைப் பாத்து சிரிச்சா. என்னாலதான்னு அவளுக்குத் தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கடைசி சனிக்கிழமை, எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் சேம்பரை மூட உட்கார்ந்தவள், "துணி எத்தனைன்னு பாருங்க" என்றாள். துவைத்த துணிகள் பின்பக்கக் கொடியில் கிடந்தன. நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகச் சோம்பல். "பன்னிரண்டு" என்றேன். மூடினாள். சாயங்காலம் அதே நாலு பேர் எஞ்சினைக் காருக்குள் இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்தாள். பதினொன்று.

"உள்ள இருக்காதும்மா. மொதல்ல ஸ்டார்ட் பண்ணிடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். "எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள். நான் மடித்த துணிகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன். அவள் ஊற்றியிருந்த ஆயிலையெல்லாம் வடித்தாள். ஜாக்கி வைத்துக் காருக்கு அடியில் படுத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மணி ஒன்பதரை.

சேம்பர் கீழே வந்தது. டார்ச் அடித்து, விரல் விட்டுத் துழாவினாள். "காணோமேங்க, எங்க போச்சு?" என்று வெளியே வந்து நின்றாள்.

அப்போதுதான் அவள் வேலைக்கென்று போட்டிருந்த கோட்டின் பாக்கெட் என் கண்ணில் பட்டது. நீலப் பாக்கெட். ஸ்பேனர் வைத்து வைத்துக் கிழிந்துபோனதென்று வெள்ளிக்கிழமை நான்தான் கைக்குக் கிடைத்த துணியில் புதிதாக வைத்துக் கொடுத்தேன். மிச்சத் துணி என்று அவளும் நினைத்திருப்பாள். அடித்த ஓரத்தோடு அப்படியே தைத்திருக்கிறேன். என் தையல் எனக்குத் தெரியாதா?

"பன்னிரண்டாவது உன் மேலதான் இருக்கு" என்றேன். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. "பிரிங்க" என்றாள். நின்ற இடத்திலேயே பிளேடால் பிரித்துக் கொடுத்தேன். தட்டில் வைத்து, முதலிலிருந்து எண்ணினாள். பிறகுதான் சேம்பரை மூடினாள்.

ஆயில் ஊற்றி முடிக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. இரும்புக் கடை லாரி வந்து நின்றது. "அரை மணி குடுங்க சார்" என்று கெஞ்சினேன். "பேச்சு பேச்சுதான்" என்றார் ஓனர். காரைக் கயிறு போட்டு லாரியில் கட்டினார்கள். ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அவள் யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். ஆசைப்பட்டுச் செய்த வண்டியை இவளே இரும்புக் கடைக்குக் கொண்டுபோகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி இழுத்தது. கார் நகர்ந்தது. நாலு அடி போனதும் அவள் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். கார் ஒரு உதறு உதறி, இருமி, கரும்புகையைக் கக்கியது. ஓனரின் வெள்ளைச் சட்டை கறுப்பாகிவிட்டது. நான் தைத்த சட்டைதான். எஞ்சின் ஓடியது. கயிறு தொய்ந்தது. கார் தானாக உருண்டு கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. கயிறு அறுந்துவிட்டதோ என்று பார்க்க லாரிக்காரர் இறங்கி வந்தார்.

நான் ஓடினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் ஓடிருச்சே, ஏம்மா அழற?"

"உள்ள ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "நானே திறந்து பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."