கிளிசரினும் என் கட்டைவிரலும்

மாசிக் காற்று அடிக்கும்போது சயனைடு மேட்டுப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் ஈரத்துணியைக்கூட உலர்த்தமாட்டார்கள். சுரங்கத்தில் தங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டு மேடாகக் கொட்டிய மண், மாவாகப் பறந்து வந்து அப்பிக்கொள்ளும். அங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வழியாகத்தான் இரண்டு கையிலும் கிளிசரின் வழிய வழிய ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

எல்லாம் என் கட்டைவிரலுக்காக. தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய், ஓர் ஆபீஸில் கக்கூஸ் கழுவுகிறேன். ஆசிட்டில் ஊறி ஊறி விரல்கள் வெடித்து, ரேகை தேய்ந்துவிட்டது. வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வைத்த முதல் நாளே அது என் விரலை ஏற்கவில்லை. "நாளைக்கும் நாளன்னைக்கும் பாப்பேன். அப்பவும் விழலன்னா வேற ஆள் போட்டுடுவேன்" என்றார் சூப்பர்வைசர். வீட்டுக்காரர் இறந்தபின் எனக்கும் பிள்ளைகளுக்கும் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

அன்று மாலை ராபர்ட்சன்பேட்டை மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கினேன். "தண்ணி கலந்து பூசும்மா" என்றார் கடைக்காரர். நான் காதில் வாங்கவில்லை. என்றைக்கோ வரும் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து வாழ்கிற, சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்காரி நான். தண்ணீர் கலப்பது பால்காரன் செய்யும் ஏமாற்று வேலை என்பதுதான் எனக்குத் தெரியும். காலையில் பாட்டிலை அப்படியே கவிழ்த்துப் பூசிக்கொண்டு கிளம்பினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல?

மெஷினில் விரலை வைத்து எடுத்தேன். வழியில் கிளிசரினில் ஒட்டிய மேட்டு மண், கண்ணாடியெல்லாம் சாம்பல் நிறச் சேறு. எனக்குப் பின்னால் நின்றவர்களின் விரலும் விழவில்லை. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். வெடிப்பு வேறு முன்னைவிடப் பிளந்து எரிந்தது. திரும்பும் ரயிலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பங்காருபேட்டை வரை அழுதேன்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கியதும் நேரே மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, அப்டியே பூசிக்கினியா? கிளிசரின் தானா ஈரம் குடுக்காது. எங்க ஈரம் கீதோ அத்த புடிச்சி வெச்சிக்கும், அவ்ளோதான். காத்துல ஈரம் இல்லன்னா தோலுக்குள்ள கீறதையே மேல இழுத்துடும். கைய நல்லா நனைச்சி, ஈரத்தோடவே ரெண்டு சொட்டு தேய்ச்சிக்கோ. மண்ணு ஒட்டாம துணி சுத்திக்கினு போம்மா."

மறுநாள் காலை, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கையை ஊறவைத்தேன். மனசு பதறியது. ஈரம் காயுமுன் இரண்டு சொட்டு தேய்த்து, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு மேட்டைக் கடந்தேன். ரயிலேறினேன். இதுவும் விழாவிட்டால் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸ் வாசலில் துணியை அவிழ்த்து விரலை வைத்தேன். முதல்முறை சிவப்பு. இன்னொருமுறை அழுத்தினேன். பச்சை எரிந்தது.

"பாத்தியா, விழுது! நாளைக்கும் இதே மாதிரி வெச்சிடு" என்று சொல்லி சூப்பர்வைசர் ஆசிட் பக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

"கையுறை கேட்டிருந்தேனே சார்?"

"வரும், வரும்."

நான் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு பக்கெட்டுக்குள் கையை விட்டேன்.