இரண்டாவது முறம் தவிடு

பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்து, பெயர் தேர்ந்தெடுக்க வீடே கூடி உட்கார்ந்திருந்தது. ஒரு பெயர் ரொம்பப் பழசு என்றார்கள். இன்னொன்று பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்கு இருக்கிறதாம். மூன்றாவது யார் வாயிலும் நுழையவில்லை. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதிலும் நியாயம் உண்டு. என் பெயர் தவுட்டம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சத்தமாகக் கூப்பிட்டால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் பேத்தியே மனம் இரங்கிக் கேட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பிள்ளை இருந்தால் எந்தப் பெயரும் நல்ல பெயர்தான் என்றேன். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள். நான் அதைக் கற்றுக்கொண்டது சும்மா அல்ல.

எனக்கு முன் பிறந்த பிள்ளை தங்கவில்லை. இதாவது நிலைக்கட்டும் என்று, நான் பிறந்த மூன்றாம் நாள் என்னை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்த வீட்டு அத்தை, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையை எடுப்பதுபோல என்னை எடுத்துக்கொண்டாள். அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து என்னை வாங்கினாள். தவிட்டு விலைக்குப் போன பண்டத்தை எமன் எட்டிப் பார்க்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எமன் ஏமாந்தான். ஆனால் தெருப்பிள்ளைகள் என்னை விடவில்லை. "தவுட்டம்மா, எங்கூட்டு எருமைக்கு ரெண்டு படி போடேன்" என்று கேட்காத நாளில்லை.

அப்போது எங்கள் ஊரெல்லாம் சேலம் ஜில்லா. இரண்டாவது உலகச் சண்டை தொடங்க இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. எனக்கு எட்டு வயதானபோது, எந்தப் புண்ணியவான் சொன்னானோ, பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியது. அப்பாவின் வண்டியில் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகவேண்டிய புளி மூட்டைகள் இருந்தன. என்னை வாசலில் இறக்கி, "புள்ளயச் சேத்துக்கோங்க வாத்தியாரே" என்று சொன்னதோடு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பெயரைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

வாத்தியார் ஊருக்குப் புதிது. பெயர் விஷயத்தில் அவருக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் இருந்தன. குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று வந்து நின்ற பையன்களை, "பெத்தவங்க வெச்ச பேரா, பகையாளி வெச்ச பேரா?" என்று கேட்பார். பாவம், அவர்களும் என்னைப் போலக் குப்பைமேட்டுக்குப் போய் வந்தவர்கள்தான்.

"பேரென்னம்மா?"

"பூங்காவனமுங்க."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. பேனாவை மையில் தோய்த்து, பதிவேட்டில் அழகாக எழுதினார்.

அந்தப் பெயரை நான் கண்டெடுத்த இடம் எங்கள் மேட்டுக்காடு. அதன் மேற்கு வரப்பில் ஓர் ஆவாரஞ்செடி உண்டு. காட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா தான் குடிக்கும் முன்னால், தூக்குப்போசியிலிருந்து கொஞ்சம் கூழை அந்தச் செடியடியில் ஊற்றுவாள். ஊற்றும்போது வாய்க்குள்ளேயே "பூங்காவனம்" என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள். ஏதோ ஒரு சாமி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் நட்டுவைத்த கல்லும் சாமி, வேப்பமரமும் சாமி. ஆவாரஞ்செடி மட்டும் என்ன பாவம் செய்தது? சாமி பெயரை மனுஷர் வைத்துக்கொள்வது ஊர் வழக்கம்தானே என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் பூங்காவனமாக இருந்தேன். இரண்டு வருஷமாக மழை பொய்த்த ஊரில் அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் வாத்தியார் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஒருதரம் கூப்பிட்டால், இன்னொருதரம் கூப்பிடட்டும் என்று வேண்டுமென்றே காது கேளாததுபோல உட்கார்ந்திருப்பேன்.

சந்தையில் எல்லாம் வெளிப்பட்டது. அம்மா பூசணிக்கீற்று வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த வாத்தியார், "உங்க பூங்காவனம் கெட்டிக்காரிம்மா. நல்லாப் படிக்குது" என்றார். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூசணிக்கீற்றைக் கடைக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீடு வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை களத்தில் கேழ்வரகு அடித்துக்கொண்டிருந்தவள், வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தலையெல்லாம் உமி. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்தப் பேரு வேணாமுங்க. அடிச்சிருங்க. இவ தவுட்டம்மா."

வாத்தியார் சிரித்தார். "ஏம்மா, நல்ல பேராச்சே. தவுட்டம்மான்னு எழுதுனா புள்ளைக்குத்தானே வெக்கம்?"

"வெக்கப்பட்டுக்கிட்டாவது இருக்கட்டுங்க" என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்தி, "அது முன்னயே ஒருத்திக்கு வெச்ச பேருங்க" என்றாள்.

 வாத்தியார் பேனாவை எடுத்து அந்தப் பெயரின் மேல் கோடு போட்டார். அதற்கப்புறம் அவர் எந்தப் பையனிடமும் பகையாளி வைத்த பேரா என்று கேட்கவில்லை.

அம்மாவுக்கு அதோடு மனம் ஆறவில்லை. பத்து நாள் அந்தப் பெயரைச் சொல்லி என்னை ஊரறியக் கூப்பிட்டாயிற்றே. அன்று சாயங்காலம் எட்டு வயதுப் பிள்ளையை மறுபடியும் குப்பைமேட்டில் முறம் வைத்து உட்காரவைத்தாள். நான் உட்கார்ந்ததும் முறம் படீரென்று முறிந்தது. தெருப்பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை என்னைத் தூக்க முடியாமல் தூக்கி இடுப்பில் வைத்து, "எட்டு வருசம் களி தின்ன ஒடம்பு, அக்கா. ஒரு மொறம் தவுடு பத்தாது" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. வேறொரு முறத்தில் தவிட்டைக் கும்பாரமாகக் குவித்து எடுத்து வந்தாள். காற்றில் பறந்ததுபோக மிச்சம் போதாமல் போய்விடுமோ என்று மறுபடி உள்ளே போய் இரண்டு கை அள்ளிவந்து மேலே போட்டாள்.  எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அன்று முழுவதும், அம்மா சொன்ன அந்த ஒருத்தி யாரென்று தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் என்னையும் சேர்த்து மூன்றே பேர். ஒருத்தி மாதம்மா, இன்னொருத்தி சின்னப்பாப்பா. ஊருக்குள்ளும் வீடு வீடாக நினைத்துப் பார்த்துவிட்டேன். தங்காமல் போன பிள்ளைக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

என்னை வாங்கிக்கொண்டு அம்மா தெருவைக் கடக்கும்போது, அவள் கையை உதறிவிட்டுச் சொன்னேன். "நீ வாத்தியாருகிட்டப் பொய் சொன்ன. பூங்காவனம்னு ஒருத்தியும் இல்ல. நான் எண்ணிப் பாத்துட்டன்."

அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். கையில் ஒட்டியிருந்த தவிட்டைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா புள்ள. இல்ல" என்றாள்.

அம்மாவையே ஒப்புக்கொள்ள வைத்துவிட்ட சந்தோஷத்தில் நான் அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.